உணவும் முதுமை மறதியும்: வட கரேலியா கற்பிக்கும் பாடம்

முதுமை வந்தால் மறதியும் வரும் என்று சொல்லி, அதைப் பற்றி மேலும் சிந்தியாது விட்டுவிடுவது நம் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தேடுவதும், ஒரு பேரனின் பெயரால் மற்றொரு பேரனை அழைப்பதும் வயதின் இயல்பே. அவற்றிற்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் நாற்பது ஆண்டு தறியில் அமர்ந்தவர் அறுந்த இழையை முடியும் முறையையே மறப்பதும், தம் வயலுக்குச் செல்லும் வழி புலப்படாமல் வரப்பில் திகைத்து நிற்பதும், சற்று முன் உண்டதை மறந்து மீண்டும் சோறு கேட்பதும் வயதின் இயல்பு அன்று, அது நோய். மேலை வைத்தியத்தில் இதனை டிமென்ஷியா என்பர். மறதி நோய் என்று நாம் வழங்குகிறோம். இதன் வகைகளில் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். அலாய்ஸ் அல்சைமர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1906-ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக எடுத்துரைத்தமையால் இப்பெயர் ஏற்பட்டது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் கெடுவதால் உண்டாகும் மறதி நோய் மற்றொரு வகை. முதியோர் பலரிடத்தில் இவ்விரண்டும் கலந்தே காணப்படுகின்றன.

இந்நோய் அயல்நாட்டாருக்கே உரியது என்று எண்ணுவதற்கு இடமில்லை. 2021-ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் 5 கோடியே 70 லட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. இந்தியாவில் 60 வயதை எய்தியோருள் 7.4 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோய்க்கு ஆளாகியிருப்பதாக 2023-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று மதிப்பிடுகிறது. நெசவும் பயிர்த்தொழிலும் குடும்பத் தொழில்கள். தார் சுற்றுவதிலும், விதை பொறுக்குவதிலும், மாட்டைக் கவனிப்பதிலும் முதியோரின் கை ஓயாது உதவி வருகிறது. அக்கை ஓய்ந்து, அவரைக் காப்பதற்கு இன்னொருவர் எந்நேரமும் உடனிருக்க நேரும்பொழுது, ஒரே குடும்பத்தில் இருவரது உழைப்பு நின்றுபோகிறது. அன்றாட உழைப்பை நம்பி வாழும் வீட்டிற்கு இது சிறிய இழப்பன்று.

மறதி நோயை முற்றிலும் போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆகவே வருமுன் காப்பதிலேயே நாம் கருத்தைச் செலுத்த வேண்டியிருக்கிறது. உணவைக் கொண்டு காக்க இயலுமா? இயலும் என்று சந்தையில் கூவுவோர் பலர். நினைவைப் பெருக்கும் லேகியம் என்பார் ஒருவர். மாத்திரை என்பார் மற்றொருவர். இன்ன எண்ணெயை நாள்தோறும் இரண்டு கரண்டி பருகினால் போதும் என்பாரும் உளர். இக்கூற்றுகளில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று ஆராய்ந்து அறிவது நம் கடமை. உழவர் சமுதாயம் ஒன்று தன் உணவையே மாற்றிக்கொண்டு, அதன் விளைவை ஆராய்ச்சியாளர்கள் பல்லாண்டுகள் தொடர்ந்து குறித்துவந்த இடம் ஒன்று உண்டு. அதனை நோக்கினால் நமக்கு விடை கிடைக்கும். அவ்விடம் பின்லாந்து தேசத்தைச் சேர்ந்த வட கரேலியா.

வெண்ணெய் மிகுந்த நாடு

பின்லாந்தின் கிழக்குக் கோடியில், ருஷ்ய எல்லையை ஒட்டி, காடுகளும் ஏரிகளும் நிறைந்த நிலப்பகுதி வட கரேலியா. அதன் தலைநகர் யோன்சூ. 1970-ஐ ஒட்டிய காலத்தில் அங்கு சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். சிறு நிலங்களை வைத்துக்கொண்டு கறவை மாடு வளர்ப்பதும், காட்டில் மரம் வெட்டுவதும் அவர்களில் மிகப் பலருடைய பிழைப்பு. குளிர்காலம் நீண்டது, கோடை குறுகியது. ரொட்டியின் மீது கனமாகப் பூசிய வெண்ணெய், ஆடை எடுக்காத பால், கொழுப்பு மிகுந்த பன்றி இறைச்சி, உப்பிட்டுப் பதப்படுத்திய பண்டங்கள் ஆகியவையே அவர்களது அன்றாட ஆகாரம். காய்கறிகளை அவர்கள் உண்டது மிகக் குறைவு. அவை கால்நடைகளின் தீவனம் என்று கேலி பேசியோரும் உண்டு.

இவர்கள் சோம்பேறிகள் அல்லர், கடும் உழைப்பாளிகள். எனினும் நாற்பது ஐம்பது வயதிலேயே ஆண்கள் மாரடைப்பால் வீழ்ந்த வண்ணம் இருந்தனர். இருதய நோயால் ஆண்கள் மாண்ட விகிதத்தில் அக்காலத்தில் பின்லாந்து உலகிலேயே முன்னணியில் நின்றது. பின்லாந்துக்குள் வட கரேலியா முன்னணியில் நின்றது. இந்த அவலத்தைப் பொறாது, 1971-ஆம் ஆண்டில் அம்மாகாணத்தின் ஆளுநரும் மக்கள் பிரதிநிதிகளும் ஒன்றுகூடி அரசாங்கத்திடம் உதவி கோரி விண்ணப்பம் செய்தனர். அதன் பயனாக 1972-இல் வட கரேலியாத் திட்டம் தொடங்கப்பட்டது. அதனை நடத்தும் பொறுப்பை ஏற்றவர் பெக்கா புஸ்கா என்னும் வைத்தியர். அப்பொழுது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை.

ஊர் கூடி மாற்றிய உணவு

அத்திட்டத்தார் வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் வழங்கியதோடு நின்றிருந்தால், நாம் இன்று அதனைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் ஏற்பட்டிராது. ஒருவர் தம் உணவை மாற்ற விரும்பினாலும், கடையில் வேறு பண்டம் கிடைக்காவிட்டால் அவர் என் செய்வார்? அடுக்களையில் இருப்போருக்கு வேறு சமையல் தெரியாவிட்டால் என் செய்வார்? இதனை உணர்ந்து, ஊரையே மாற்ற முற்பட்டனர். மார்த்தா என்னும் மாதர் ஸ்தாபனத்தின் கிளைகள் கிராமந்தோறும் மாலை நேரக் கூட்டங்களை நடத்தின. அங்கே பழகிய பதார்த்தங்களையே கொழுப்பையும் உப்பையும் குறைத்து, காய்கறியைக் கூட்டிச் சமைத்து, எல்லோரும் உண்டு பார்த்தனர். இறைச்சிப் பண்டம் செய்யும் உள்ளூர்த் தொழிற்சாலை கொழுப்பின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் காளானைச் சேர்த்துப் பார்த்தது. உப்பையும் கொழுப்பையும் குறைத்த பண்டங்கள் கடைகளுக்கு வந்தன. தாதிமார் ஊர்தோறும் இரத்த அழுத்தத்தை அளந்து, மிகுதியாக இருப்போரை மருந்து உட்கொள்ளச் செய்தனர்.

இம்முயற்சிக்கு எதிர்ப்பும் இருந்தது. அது நம் போன்றோர் ஊன்றி நோக்க வேண்டிய எதிர்ப்பு. பின்லாந்தின் பால் தொழில் பெரும்பாலும் கூட்டுறவு முறையில் நடைபெறுவது. அங்குள்ள வாலியோ என்னும் பெரிய கூட்டுறவு நிலையம் 1905-இல் தோன்றியது. வெண்ணெயைக் குறையுங்கள் என்பது வைத்தியருக்கு ஓர் அறிவுரை; பாலைக் கறந்து நிலையத்தில் அளந்து விட்டுப் பணம் பெறுபவருக்கோ அது பிழைப்பைப் பற்றிய கேள்வி. உடல்நலத்தைக் காப்பதாகச் சொல்லி எங்கள் தொழிலை அழிப்பதா என்று உழவர்கள் கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் இல்லை என்று கூற முடியாது.

நாளடைவில் அதற்கும் வழி காணப்பட்டது. கொழுப்பு குறைந்த பால் வகைகளைப் பால் நிலையங்களே தயாரித்து விற்றன. குளிரைத் தாங்கும் கடுகின எண்ணெய்வித்து பின்லாந்து மண்ணில் பயிராயிற்று. வெண்ணெய்க்கு மாற்றான எண்ணெய் உள்நாட்டு உழவரிடமிருந்தே கிடைத்தது. அப்பகுதியின் தட்பவெப்பத்தில் செழித்து வளர்பவை சிறு கனிச் செடிகள். அவற்றைப் பயிரிடுவதற்கும், கனிகளை விற்பதற்கும் 1980-களில் அரசாங்கத்தின் துணையுடன் தனி முயற்சி மேற்கொள்ளப்பட்டது. மாடு வளர்த்தவர்களில் சிலர் கனி பயிரிடுவோராயினர். ஆக, உண்பவரின் நலமும் விளைவிப்பவரின் வருவாயும் ஒன்றோடொன்று மோதாத வகையில் மாறுதல் நிகழ்ந்தது.

திட்டம் 1997-இல் நிறைவெய்தியது. அதற்குள் அதன் முறைகள் தேசம் முழுவதும் பரவிவிட்டன. உப்பு மிகுந்த பண்டங்களின் உறையில் அதனைக் குறிப்பிட வேண்டும் என்று 1993-இல் பின்லாந்தில் விதி செய்யப்பட்டது. நாற்பது ஆண்டுகளில், உழைக்கும் வயதிலுள்ள ஆண்கள் இருதய நோயால் இறக்கும் விகிதம் வட கரேலியாவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது.

இருதயத்திலிருந்து மூளைக்கு

இருதயத்தைக் காத்த கதைக்கும் மறதி நோய்க்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். தொடர்பு அங்குதான் வெளிப்பட்டது.

வட கரேலியாவிலும் அதன் அண்டைப் பகுதியான குவோப்பியோவிலும் 1972, 1977, 1982, 1987 ஆகிய ஆண்டுகளில் நடு வயதினர் பலரது இரத்த அழுத்தம், இரத்தத்திலுள்ள கொழுப்பு, உடல் எடை முதலியன அளந்து பதியப்பட்டிருந்தன. அக்குறிப்புகள் பத்திரமாக இருந்தன. 1998-ஆம் ஆண்டில் மியா கிவிபெல்தோ என்னும் அம்மையாரும் அவரது குழுவினரும் அவர்களில் 65 முதல் 79 வயது வரை ஆகியிருந்த 2,000 பேரை மீண்டும் அழைத்தனர். 1,449 பேர் வந்தனர். அவர்களது நினைவாற்றல் சோதிக்கப்பட்டது. சராசரி 21 ஆண்டு இடைவெளிக்குப் பின் கிடைத்த முடிவு 2001-இல் வெளியாயிற்று. நடு வயதில் இரத்த அழுத்தம் மிகுந்திருந்தவர்களும், இரத்தத்தில் கொலஸ்டிரால் என்னும் கொழுப்பு மிகுந்திருந்தவர்களும் முதுமையில் அல்சைமர் நோய்க்கு ஆளாகும் அபாயம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. இரண்டும் சேர்ந்திருந்தவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம்.

காரணத்தை உழவர்களுக்கு விளக்குவது எளிது. மூளையின் எடை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதமே. ஆனால் உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அவ்வளவும் மயிரிழை போன்ற நுண்குழாய்களின் வழியே செல்ல வேண்டும். தலை வாய்க்காலில் நீர் எவ்வளவு இருந்தாலும், கடைமடைக் கால்கள் தூர்ந்துபோனால் அவ்விடத்துப் பயிர் வாடுவதை நாம் அறிவோம். மூளையிலும் அவ்வாறே நிகழ்கிறது. ஓயாத மிகை அழுத்தம் நுண்குழாய்களின் சுவரைத் தடிக்கச் செய்கிறது. நீரிழிவும் கொழுப்பும் அவற்றை மேலும் கெடுக்கின்றன. எவரும் அறியாத சிறு சிறு பக்கவாதங்கள் மூளைக்குள் நிகழ்ந்து, சிந்தனையின் பாதைகள் ஒவ்வொன்றாக அறுபடுகின்றன. எழுபது வயதில் வெளிப்படும் மறதிக்கு ஐம்பது வயதிலேயே விதை ஊன்றப்பட்டு விடுகிறது.

சோதனைகள் கூறுவது

மேற்கண்டது நோக்கி அறிந்த தொடர்பே. உணவை மாற்றினால் நினைவு நிலைக்கும் என்பது அதனால் மட்டும் மெய்ப்பிக்கப்படாது. ஆகவே கிவிபெல்தோ அம்மையார் தலைமையில் பின்லாந்தில் ஒரு நேரடிச் சோதனை நடைபெற்றது. அதற்கு ஃபிங்கர் சோதனை என்று பெயர். 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேர் 2009-க்கும் 2011-க்கும் இடையே அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினருக்குப் பொதுவான உடல்நல அறிவுரை மட்டும் கூறப்பட்டது. மற்றப் பாதியினருக்கு உணவு, தேகப்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கண்காணித்தல் என்னும் நான்கும் சேர்ந்த திட்டம் வகுக்கப்பட்டது. காய்கறி, கனி, தீட்டாத தானியம், வாரம் இருமுறையேனும் மீன், வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய், குறைந்த உப்பு, குறைந்த சர்க்கரை என்பன அவர்களது உணவின் இலக்கணம். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இரு சாராரும் சிந்தனைச் சோதனைகளில் முன்னேறியிருந்தனர். முழுத் திட்டத்தைப் பின்பற்றியோரின் முன்னேற்றம் 25 சதவீதம் அதிகமாக இருந்தது. 2015-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் கவனத்தை ஈர்த்தது. அமெரிக்காவில் 2,111 பேரைக் கொண்டு நடந்த இதே போன்ற சோதனையின் முடிவு 2025-இல் வெளியாயிற்று. அதிலும் இரு சாராரும் முன்னேற, முறையாக வழிநடத்தப்பட்டோரே கூடுதலாக முன்னேறினர்.

இதனுடன் மற்றொரு சோதனையையும் மறைக்காது கூற வேண்டும். கீரை, பயறு, கொட்டை வகை, சிறு கனி, மீன் ஆகியவற்றை முதன்மையாகக் கொண்ட மைண்ட் என்னும் உணவு முறை ஒன்று 2015-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. இதைப் பின்பற்றியோருக்கு மறதி நோய் குறைவு என்று முதலில் தோன்றியது. ஆனால் 604 முதியோரைக் கொண்டு மூன்று ஆண்டுகள் நடந்த சோதனையின் முடிவு 2023-இல் வெளியானபொழுது, இவ்வுணவை உண்டோருக்கும், வழக்கமான உணவையே அளவு குறைத்து உண்டோருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்பொழுது உண்மை துலங்குகிறது. முதுமை வந்த பின்னர் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரு குறிப்பிட்ட உணவை உண்பதால் மட்டும் மறதி நோய் தடைப்படும் என்று எவரும் உறுதி கூற இயலாது. எந்த ஒரு பண்டமும் நினைவுக்கு அமுதம் அன்று. உணவு தன் வேலையைத் தனியே செய்வதில்லை; இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கொழுப்பையும் உடல் எடையையும் அடக்குவதன் வழியாகவும், உழைப்பும் பிற பயிற்சிகளும் துணை நிற்கவும்தான் செய்கிறது. 2024-ஆம் ஆண்டில் லான்செட் என்னும் வைத்திய இதழ் அமைத்த நிபுணர் குழு, மறதி நோய்க்கு இடங்கொடுக்கும் 14 காரணங்களைத் தொகுத்தது. அவை முற்றிலும் நீங்கினால் ஏறத்தாழ 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பது அதன் மதிப்பீடு. அந்த 14-இல் உணவு என்னும் பெயர் தனியே இல்லை. ஆனால் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடற்பருமன், மிகுதியான குடி என்னும் ஐந்தும் உள்ளன. ஐந்தும் நாம் உண்பதையும் பருகுவதையும் ஒட்டியவை அல்லவா?

லேகியம், மாத்திரை பற்றிய கேள்விக்கும் இங்கே விடை கூறிவிடலாம். மறதி நோயைத் தடுக்கும் பொருட்டு பி, ஈ ஜீவசத்து மாத்திரைகளையும் மீன் எண்ணெய்ச் சத்து மாத்திரைகளையும் உட்கொள்ளுமாறு பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் அறிவுறுத்தியது. ஆகவே நினைவு மருந்து என்று சொல்லி விற்கப்படும் புட்டிகளுக்குச் செலவிடும் பணத்தைப் பருப்புக்கும் கீரைக்கும் செலவிடுவதே விவேகம்.

கிராமத்தில் இயலுமா?

பின்லாந்து செல்வ நாடு. நம் போன்ற கிராமத்தார்க்கு இவை கைகூடுமா என்னும் ஐயம் எழுவது இயல்பு. அதற்குச் சீன தேசத்தின் கிராமங்கள் விடையளித்திருக்கின்றன. அங்கு 326 கிராமங்களில், இரத்தக் கொதிப்பு அடங்காதிருந்த 33,995 பேரைக் கொண்டு பெரியதொரு சோதனை நடைபெற்றது. பாதிக் கிராமங்களில், பெரும்படிப்புப் படிக்காத கிராம வைத்தியர்களே டாக்டர்களின் மேற்பார்வையில் மருந்து வழங்கி, உப்பைக் குறைக்கவும் எடையைக் குறைக்கவும் அறிவுரை கூறி, அழுத்தத்தைத் தொடர்ந்து அளந்து வந்தனர். நான்கு ஆண்டுகளில் அக்கிராமங்களில் மறதி நோய் மற்றக் கிராமங்களைவிட 15 சதவீதம் குறைவாகத் தோன்றியது. 2025-இல் இம்முடிவு வெளியாயிற்று.

அதே தேசத்தில் 600 கிராமங்களில், ஏறத்தாழ 21 ஆயிரம் பேரைக் கொண்டு நடந்த மற்றொரு சோதனையில், வழக்கமான உப்புக்குப் பதிலாக, நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு ஒரு சாராருக்கு வழங்கப்பட்டது. அவர்களிடையே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது என்று 2021-இல் தெரியவந்தது. பக்கவாதம் குறைந்தால், அதன் பின்னே வரும் மறதியும் குறையும் என்று எதிர்பார்ப்பது தவறாகாது. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், சிலவகை அழுத்த மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் இவ்வுப்பு தீங்கு விளைக்கும். டாக்டரைக் கேளாது இதனைப் பயன்படுத்தலாகாது.

நம் அடுக்களையில்

இனி நம் வீட்டு நிலையை நோக்குவோம். வட கரேலியருக்கு வெண்ணெய் எப்படியோ, அப்படி நமக்கு உப்பும் தீட்டிய வெள்ளரிசியும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி அளவு, போதும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி. வயது வந்தோர் ஐவர் உள்ள வீட்டிற்கு மாதம் 750 கிராம் ஆகிறது. ஊறுகாய், அப்பளம், வற்றல், மோர்மிளகாய், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் அடக்கம். தம் வீட்டில் மாதம் எத்தனை உப்புப் பொட்டலம் செலவாகிறது என்று ஒவ்வொரு அங்கத்தினரும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. உப்பைச் சட்டென்று நிறுத்த வேண்டுவதில்லை. வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்தால் நாக்கும் அதற்குப் பழகிவிடும்.

அடுத்தது சோற்றின் அளவு. தட்டு நிறையச் சோறும் அதன்மேல் சிறிது குழம்பும் என்னும் முறையை மாற்றி, சோற்றைக் குறைத்துப் பயறையும் காய்கறியையும் கூட்டுதல் நலம். இதற்கு வேண்டியவை அயல்நாட்டுப் பண்டங்கள் அல்ல. கேழ்வரகு, கம்பு, சாமை, வரகு ஆகியவை நாம் விளைவிப்பவை. கொள்ளும் பச்சைப்பயறும் தட்டைப்பயறும் நம் நிலத்தில் விளைபவை. முருங்கைக்கீரை வேலியிலேயே உண்டு. நிலக்கடலை ஏழைக்கும் எட்டுவது. மீன் உண்போருக்கு விலை மலிந்த மத்தி மீனே சிறந்த கொழுப்பைத் தருகிறது. பின்லாந்தார் நெடுந்தொலைவு சென்று தேடிய கீரையும் பயறும் நம் வாசலில் இருக்க, பொரித்த பலகாரத்தையும் சர்க்கரை கலந்த பானத்தையும் நாம் கடையில் நாடுவது வியப்பிற்குரியது.

முதியோரைப் பொறுத்தவரை இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. முதலாவது, உடல் எடையைக் குறைக்கும் அறிவுரை நடு வயதினருக்கு உரியது. எழுபதைக் கடந்தவர் இளைத்துப்போவது நல்ல அடையாளம் அன்று. பல் விழுந்தது, பசி மந்தம் என்று கூறிச் சோறும் ரசமுமே அவர்களுக்கு அளித்து வருவது தவறு. குழைய வெந்த பருப்பு, மசித்த கீரை, தயிர், உண்போராயின் முட்டை, மீன் ஆகியவற்றை அவர்களுக்கே முதலில் பரிமாற வேண்டும்.

இரண்டாவது, மறதி யாவும் குணமாகாத மறதி அன்று. பி-12 என்னும் ஜீவசத்து பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலிருந்தே நமக்குக் கிடைக்கிறது. வயது ஏற ஏற வயிறு அதனை ஏற்கும் திறன் குன்றுகிறது. நீரிழிவுக்கு உட்கொள்ளும் மெட்பார்மின் மாத்திரையும் நாளடைவில் அதனைக் குறைக்கக்கூடும். இச்சத்து குறைந்தால் மறதியும் குழப்பமும் கால் மரத்துப்போதலும் தோன்றும். தைராய்டு சுரப்பி மந்தமானாலும் மறதி வரும். இவ்விரண்டையும் இரத்தப் பரிசோதனையால் அறியலாம். காலத்தில் மருந்து கொடுத்தால் சீர்ப்படுத்தலாம். அப்பா எதையெதையோ மறக்கிறார் என்று தோன்றியவுடன், வயதாகிவிட்டது என்று ஒதுக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது பிள்ளைகளின் கடமை.

ஏற்கெனவே நோய்க்கு ஆளானோர் உள்ள இல்லங்களுக்கும் ஒரு சொல். உணவு தவறியதால்தான் இந்நோய் வந்தது என்று எவரையும் நோவதற்கு இடமில்லை. வயதும் பரம்பரையும் எவர் கையிலும் இல்லை. எல்லா நியமங்களையும் கடைப்பிடித்தோருக்கும் இந்நோய் வருவதுண்டு. அடுக்களையில் நின்ற அம்மையார்மீது பழி சுமத்துவது அறியாமை. நோயுற்றவருக்கு நாள்தோறும் குறித்த வேளையில், ஒரு நேரத்தில் ஒரு பதார்த்தமாக, அவசரப்படுத்தாமல் உணவளிப்பதும், தாகத்தை உணர மறந்தவருக்கு நாமாகவே நீர் கொடுப்பதும் அவர் உடலைக் காக்கும்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

வட கரேலியாவின் பாடம் ஒன்றே. தனி ஒருவரது மன உறுதியை நம்பி உணவு மாறுவதில்லை. என்ன விளைகிறது, கடையில் என்ன கிடைக்கிறது, அண்டை வீட்டார் என்ன சமைக்கின்றனர் என்பவை மாறும்பொழுதே அது மாறுகிறது. இம்மூன்றிலும் கை வைக்கத் தகுந்த ஸ்தாபனம் கூட்டுறவுச் சங்கத்தைவிட வேறு எது?

நெசவாளரும் பயிரிடுவோரும் ஒரே இயக்கத்தில் இணைந்திருப்பது நமக்கு வாய்த்த பேறு. விளைவிப்போரின் சங்கம் பயறையும் சிறுதானியத்தையும் நேரே நெசவாளர் பகுதிப் பண்டகசாலைக்கு அனுப்பலாம். விளைவித்தவருக்கும் விலை கிடைக்கும், உண்பவருக்கும் விலை குறையும். பண்டகசாலையில் உப்பு மிகுந்த பண்டங்களை முன்வரிசையிலிருந்து நீக்கி, நிலக்கடலையையும் பயறு வகைகளையும் அங்கு வைக்கலாம். கூலி வழங்கும் நாளில், சங்கக் கட்டடத்திலேயே நாற்பது வயதைக் கடந்த அங்கத்தினர் அனைவரது இரத்த அழுத்தத்தையும் அளந்து, ஒரு குறிப்பேட்டில் பதிவு செய்யலாம். அளக்கும் கருவியின் விலை ஒரு சங்கத்திற்குப் பெரிய சுமையன்று. அதனைக் கையாள அரை மணி நேரப் பழக்கம் போதும். மிகுதியாக இருப்போரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பி, மருந்தை இடையில் நிறுத்தாமல் தொடர்கின்றனரா என்றும் கேட்டுக்கொள்ளலாம். விசைத்தறியின் ஓசையில் வேலை செய்வோருக்குக் காதடைப்பு வழங்குவதும் இதனைச் சார்ந்ததே. மேற்சொன்ன 14 காரணங்களுள் செவிப்புலன் குறைவும் ஒன்று.

மாதர் அங்கத்தினர் மாதம் ஒருமுறை கூடி, உப்பும் எண்ணெயும் குறைந்த சமையலைச் செய்து உண்டு பார்ப்பதற்கும் செலவு அதிகமில்லை. உண்ணும் பதார்த்தம் ருசியாக இல்லாவிடில் எந்த உபதேசமும் நிலைக்காது. இக்கூட்டங்களில் ஆடவரும் கலந்துகொள்ளல் வேண்டும்; உப்புப் போதவில்லை என்று இலையிலிருந்து குரல் எழுப்புவோர் பெரும்பாலும் அவர்களே.

இன்று ஐம்பது வயதில் தறியிலும் ஏரிலும் நிற்கும் அங்கத்தினரே இன்னும் இருபது ஆண்டுகளில் நம் முதியோர். அவர்கள் தம் தொழிலின் நுட்பங்களைப் பேரப்பிள்ளைகளுக்குத் தெளிவாக எடுத்துரைக்கும் நினைவுடன் வாழ வேண்டுமானால், அதற்கான வேலை இப்பொழுதே தொடங்க வேண்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவ்விஷயத்தையும் ஒன்றாகச் சேர்த்து, இரத்த அழுத்தம் அளக்கும் கருவி ஒன்றை வாங்கத் தீர்மானம் நிறைவேற்றுமாறு சங்கங்கள் அனைத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.